ஓராள் வானூர்தி

நுழையும்முன்

பறக்க வேண்டும் என்பது மனிதனின் பழைய ஆசை. நூற்றுக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் பெரிய வானூர்திகள் அந்த ஆசையைப் போக்குவரத்தாக மாற்றின. ஒருவர் மட்டும் அமர்ந்து, தாமே இயக்கிப் பறக்கும் சிறிய வானூர்தியோ அதனைக் கலையாகவே வைத்திருக்கிறது. இத்தகைய வானூர்தியை வடிவமைப்பவர் எடை, வலிமை, விரைவு, பாதுகாப்பு ஆகிய நான்கையும் ஒரே துலாக்கோலில் நிறுத்துப் பார்க்க வேண்டியுள்ளது. அந்தக் கணக்கின் அடிப்படைகளை இப்பாடம் விளக்குகிறது.

தென்னை மட்டை கற்பிக்கும் பாடம்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்திற்கு அருகில் உள்ளது சிதறால். அங்குள்ள குன்றின்மேல், இயற்கையாகக் கவிந்து நிற்கும் பெரும்பாறையின் அடியில், சமண தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தைச் சேர்ந்த 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் அங்கு உண்டு. குன்றின் மேலிருந்து நோக்கினால் நாற்புறமும் தென்னந்தோப்புகள் தெரியும். கடற்காற்று குன்றின் சரிவில் மோதி மேலெழும்போது, பருந்துகள் சிறகசைக்காமல் அக்காற்றில் மிதக்கும்.

கவிந்த பாறை, தென்னை, பருந்து ஆகிய மூன்றும் வானூர்தி வடிவமைப்பின் மூன்று உண்மைகளைக் காட்டுகின்றன. பாறை தன் பெருத்த எடையாலேயே நிலைத்து நிற்கிறது. பறக்கும் பொருளுக்கு அந்த வழி மூடப்பட்டுள்ளது. பருந்து, மேலெழும் காற்றைத் தாங்குதளமாக்கிக் கொள்கிறது. தென்னை மட்டையோ ஓர் இறக்கையின் அமைப்பையே கண்முன் காட்டுகிறது. மரத்தோடு பொருந்தும் அடிப்பகுதியில் மட்டை அகன்று தடித்திருக்கும். நுனியை நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்துகொண்டே போகும். மட்டையை வளைக்கும் விசையின் தாக்கம் அடியில்தான் மிகுதி. நுனியில் மிகக் குறைவு. எனவே வலிமை தேவைப்படும் இடத்தில் மட்டும் பொருளைச் சேர்த்து, தேவையற்ற இடத்தில் தவிர்த்திருக்கிறது இயற்கை. வானூர்தி இறக்கையின் உள்ளே ஓடும் முதன்மைச் சட்டமும் இந்த நெறிப்படியே அமைக்கப்படுகிறது.

நான்கு விசைகள்

பறக்கும் வானூர்தியின்மீது நான்கு விசைகள் செயற்படுகின்றன. அதனைக் கீழிழுப்பது எடை. இறக்கையின் மீது பாயும் காற்றால் தோன்றி மேல்நோக்கித் தாங்குவது ஏற்றவிசை. காற்று முன்னேற்றத்தைத் தடுப்பது இழுவிசை. பொறியும் சுழல்விசிறியும் சேர்ந்து முன்னே செலுத்துவது உந்துவிசை. ஒரே உயரத்தில் சீரான விரைவில் பறக்கும்போது ஏற்றவிசை எடைக்கும், உந்துவிசை இழுவிசைக்கும் சமமாக இருக்கும்.

ஏற்றவிசை, விரைவின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. விரைவு பாதியானால், இறக்கையின் சாய்வு மாறாத நிலையில், ஏற்றவிசை கால்பங்காகும். விரைவு குறையும்போது இறக்கையின் முன்விளிம்பைச் சற்று உயர்த்தி இக்குறையை ஈடுசெய்யலாம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் கடந்தால் இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிரிந்து சுழலத் தொடங்கும். ஏற்றவிசை திடீரெனச் சரியும். வானோடிகள் இதனை ‘ஸ்டால்’ என்பர். தமிழில் ஏற்றமிழப்பு எனலாம். ஏற்றமிழப்பு நிகழும் விரைவே அந்த வானூர்தி பறக்கக்கூடிய மிகக் குறைந்த விரைவாகும்.

இந்த விரைவைத் தாழ்வாக வைப்பதே ஓராள் வானூர்தி வடிவமைப்பின் முதற் குறிக்கோள். அதன் காரணம் எளிது. மோதலில் வெளிப்படும் ஆற்றலும் விரைவின் இருமடிக்கு ஏற்பவே கூடும். மணிக்கு 88 கிலோமீட்டர் விரைவில் தரையைத் தொடும் வானூர்தி, 44 கிலோமீட்டர் விரைவில் தொடும் அதே வானூர்தியைப்போல் நான்கு மடங்கு ஆற்றலைக் கொண்டிருக்கும். பொறி நின்றுபோய் வயல்வெளியில் இறங்க நேரும்போது, வானோடி காயமின்றி எழுந்து நடப்பாரா என்பதை இந்த வேறுபாடு முடிவுசெய்யக்கூடும்.

ஓர் இறக்கையின் கணக்கு

வானோடியின் எடை 75 கிலோ, வெறும் வானூர்தியின் எடை 115 கிலோ, எரிபொருள் 14 கிலோ என்று கொண்டால் மொத்தம் 204 கிலோ. இதனைத் தாங்க ஏறத்தாழ 2000 நியூட்டன் ஏற்றவிசை தேவை. மணிக்கு 44 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 12.2 மீட்டர். இந்த விரைவில் வரும் காற்று, கடல்மட்ட அளவில், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 நியூட்டன் இயக்க அழுத்தம் உடையது. எளிய இறக்கை ஒன்று இதனைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, அதாவது சதுர மீட்டருக்கு 135 நியூட்டன் அளவுக்கு ஏற்றவிசை தரும். 2000ஐ 135ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15 கிடைக்கிறது. எனவே 15 சதுர மீட்டர் பரப்புள்ள இறக்கை வேண்டும். 10 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உடைய இறக்கை இதற்குப் பொருந்தும்.

பொறியின் ஆற்றலையும் இவ்வாறே கணிக்கலாம். இவ்வானூர்தி நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவில் செல்கிறது என்க. அதன் இழுவிசை எடையில் எட்டில் ஒரு பங்கானால் 250 நியூட்டன். 250ஐ 20ஆல் பெருக்க 5000 வாட் கிடைக்கிறது. நொடிக்கு 2 மீட்டர் உயர வேண்டுமாயின் மேலும் 4000 வாட் தேவை. சுழல்விசிறி பொறியின் ஆற்றலில் அறுபது விழுக்காட்டையே பயனாக்குகிறது என்று கொண்டால், ஏறத்தாழ 15 கிலோவாட், அதாவது 20 குதிரைத்திறன் கொண்ட பொறி வேண்டும்.

எடை வளர்க்கும் எடை

மேற்கண்ட கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் எல்லா எண்களும் மாறும். வடிவமைப்பாளர் 10 கிலோ கூடுதலான பொறியைப் பொருத்தினால், அதனைத் தாங்கும் சட்டம் வலுவாக வேண்டும். சட்டம் கனத்தால் இறக்கை பெரிதாக வேண்டும். இறக்கை பெரிதானால் அதன் எடையும் இழுவிசையும் கூடும். கூடிய இழுவிசையை வெல்ல இன்னும் பெரிய பொறி வேண்டும். கடன் வட்டியை வளர்ப்பதுபோல் எடை எடையை வளர்க்கும். ஆகவே தேர்ந்த வடிவமைப்பாளர், சேர்க்க வேண்டியது எது என்பதைவிட விலக்கக்கூடியது எது என்பதையே முதலில் வினவுவார்.

பொருள்களின் தேர்வும் இதனோடு இணைந்தது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதனால் பல ஓராள் வானூர்திகளின் உடல் அலுமினியக் கலவைக் குழாய்களால் ஆனது. குழாய் உள்ளீடற்றிருப்பதன் காரணத்தை மூங்கில் விளக்கும். தண்டு வளையும்போது அதன் வெளிப்பகுதியே பெரும்பாலான சுமையைத் தாங்குகிறது. நடுப்பகுதி எடையை மட்டும் கூட்டுகிறது. இறக்கையின்மீது பாலியஸ்டர் துணியைப் போர்த்தி இறுக்குவர். எனினும் அலுமினியத்திற்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று, மீண்டும் மீண்டும் வளைவதால் கண்ணுக்குத் தெரியாமல் வளரும் விரிசல். மற்றொன்று உப்புக்காற்று. குமரிபோன்ற கடலோரப் பகுதியில், குழாய்களும் திருகாணிகளும் சந்திக்கும் இடங்களை இடைவிடாது ஆய்ந்து பார்க்கவேண்டும்.

வலிமையும் திருப்பமும்

எடையைக் குறைப்பது வலிமையைக் குறைப்பதாகிவிடக் கூடாது. வானூர்தி எப்போதும் தன் எடையை மட்டுமே தாங்குவதில்லை. சாய்ந்து திரும்பும்போதும், கீழ்நோக்கிப் பாய்ந்து நிமிரும்போதும், திடீர்க் காற்றில் சிக்கும்போதும் இறக்கையின்மீது சுமை பன்மடங்காகும். 60 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை இரு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். எடையைப்போல் நான்கு மடங்கு சுமையைத் தாங்குமாறு இறக்கையை அமைத்து, அதற்குமேலும் ஒன்றரை மடங்கு காப்பு வைப்பது பரவலான வழக்கம். 204 கிலோ எடையுள்ள வானூர்தியின் இறக்கை 1200 கிலோவுக்கும் மேற்பட்ட சுமையில்தான் முறிய வேண்டும் என்பது இதன் பொருள்.

திருப்பத்தில் மற்றோர் இடரும் ஒளிந்துள்ளது. சுமை இரு மடங்கானால் ஏற்றமிழப்பு விரைவு 1.41 மடங்காகும். நேராகப் பறக்கையில் மணிக்கு 44 கிலோமீட்டரில் நிகழும் ஏற்றமிழப்பு, 60 பாகைத் திருப்பத்தில் 62 கிலோமீட்டரிலேயே நிகழும். மணிக்கு 55 கிலோமீட்டரில் நேராகச் செல்லும் வானோடிக்கு அச்சமில்லை. அதே விரைவில், தரைக்கு அருகில், அவ்வளவு சாய்ந்து உயரம் குறையாமல் திரும்ப முயன்றால் அவருடைய இறக்கை கைவிட்டுவிடும். மீண்டெழ உயரமும் இருக்காது. கணக்கைப் புரிந்துகொள்ளாத துணிவு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இது சான்று.

துலாக்கோலின் நடுமுள்

பெரிய வானூர்தியில் ஒரு பயணி இடம் மாறி அமர்ந்தால் எதுவும் நேராது. ஓராள் வானூர்தியிலோ வானோடியே மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அவர் அமரும் இடம் மாறினால் ஈர்ப்பு மையமும் மாறும். ஈர்ப்பு மையம் அளவுக்கு மீறிப் பின்னே சென்றால் வானூர்தி நிலைத்தன்மையை இழக்கும். அளவுக்கு மீறி முன்னே சென்றால் தரையிறங்கும்போது மூக்கை உயர்த்த இயலாமற் போகும். முனையில் கனமுள்ள அம்பு நேராகப் பாய்வதையும், பின்பாகம் கனத்த அம்பு தடுமாறுவதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். எனவே இருக்கையையும் எரிபொருள் கலனையும் ஈர்ப்பு மையத்தை ஒட்டியே வைப்பர். 55 கிலோ எடையுள்ளவர் அமர்ந்தாலும், 90 கிலோ எடையுள்ளவர் அமர்ந்தாலும், எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தாலும் சமநிலை பெரிதும் மாறாமல் இருக்கும்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகள், பொறியுள்ள மிகு இலகு வானூர்திக்குப் பல எல்லைகளை வகுத்தன. அவற்றுள் சில: இருக்கை ஒன்று மட்டுமே; வெற்று எடை ஏறத்தாழ 115 கிலோவுக்குக் குறைவு; எரிபொருள் ஏறத்தாழ 19 லிட்டருக்கு மிகாமை; ஏற்றமிழப்பு விரைவு மணிக்கு ஏறத்தாழ 44 கிலோமீட்டருக்கு மிகாமை. மக்கள் நெருங்கி வாழும் இடங்களுக்கு மேல் பறப்பதையும் அவ்விதிகள் தடைசெய்கின்றன. இந்தியாவில் வானூர்திகளின் பதிவையும் பறப்பதற்கான அனுமதியையும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒழுங்குபடுத்துகிறது.

முன்னோடிகள் விட்டுச்சென்ற அறிவு

இன்றைய கணக்குகள் எளிதில் கிடைத்தவை அல்ல. ஜெர்மானியரான ஆட்டோ லிலியந்தால், பொறியில்லாத மிதவை வானூர்திகளைத் தாமே கட்டி, ஈராயிரம் முறைக்கு அருகில் பறந்து பார்த்தார். உடலை அசைத்து எடையை மாற்றுவதே அவருக்கிருந்த கட்டுப்பாட்டு முறை. 1896 ஆகஸ்ட் 9 அன்று அவருடைய வானூர்தி ஏற்றமிழந்து வீழ்ந்தது. மறுநாள் அவர் உயிர்நீத்தார். அவர் தொகுத்த அளவீடுகள் ரைட் உடன்பிறப்புகளின் ஆய்வுக்குத் தொடக்கமாக அமைந்தன.

பிரேசில் நாட்டவரான சாந்தோஸ் துமோன், 1907ஆம் ஆண்டு முதல் பாரிசில் ‘தெமுவாசெல்’ என்னும் சிறு வானூர்தியை உருவாக்கினார். ஒருவர் மட்டுமே அமரும் அதன் உடற்சட்டம் மூங்கிலால் ஆனது. இறக்கையின்மீது பட்டு போர்த்தப்பட்டது. அதன் வரைபடங்களை அவர் காப்புரிமை கோராமல் உலகிற்கு வழங்கினார். இன்றைய மிகு இலகு வானூர்திகளின் மூதாதை என அதனைக் கூறுவர்.

எடைக் குறைப்பின் உச்சத்தை அமெரிக்கப் பொறியாளர் பால் மக்கிரெடி காட்டினார். அவர் வடிவமைத்த ‘காசமர் ஆல்பட்ராஸ்’ பொறியில்லாதது; மிதிவண்டி மிதிப்பதுபோல் மிதித்தே அதனைச் செலுத்த வேண்டும். ஏறத்தாழ 30 மீட்டர் நீள இறக்கை உடைய அதன் வெற்று எடை 32 கிலோ மட்டுமே. 1979 ஜூன் 12 அன்று பிரையன் ஆலன் என்னும் மிதிவண்டி வீரர் அதனை மிதித்து, 2 மணி 49 நிமிடங்களில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். மக்கிரெடியின் வெற்றிக்கு அவர் கையாண்ட முறையும் காரணம். முதற்படியிலேயே குறையற்ற ஒன்றைக் கட்ட அவர் முயலவில்லை. உடைந்தால் விரைவில் செப்பனிடத்தக்க ஒன்றைக் கட்டி, பறந்து, திருத்தி, மீண்டும் பறந்தார். ஆனால் அவ்வளவு மெல்லிய வானூர்தி அமைதியான காற்றில் மட்டுமே பறக்கும். தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று காற்றாலைகளுக்கு வரம். இத்தகைய வானூர்திக்கோ அது கேடு.

இந்தியாவிலும் இத்துறையில் முயற்சிகள் நிகழ்ந்தன. புதுதில்லியில் இயங்கிய சிவில் வானூர்தித் துறையின் தொழில்நுட்ப மையத்தில், எஸ். ராமாமிர்தம் தலைமையில் 1950களிலும் 1960களிலும் மிதவை வானூர்திகள் வடிவமைக்கப்பட்டன. அசுவினி, ரோகிணி, பரணி, கார்த்திக் என அவற்றுக்கு விண்மீன்களை நினைவூட்டும் பெயர்கள் சூட்டப்பட்டன. அவற்றுள் கார்த்திக், 15 மீட்டர் இறக்கையுடன் மரத்தால் அமைந்த ஓராள் மிதவை வானூர்தியாகும். இந்தியப் பொறியாளர்கள் இந்திய வானத்திற்கென வடிவமைத்துப் பறக்கவிட்டவை என்பது இவற்றின் சிறப்பு.

ஒருங்கிணைக்கும் அறிவு

வானூர்தி வடிவமைப்பு பல துறைகளின் சந்திப்பாகும். சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் பயின்ற காலத்தில், தாழ்வாகப் பறந்து தாக்கும் வானூர்தி ஒன்றை வடிவமைக்கும் பணி அவருக்கும் உடன் பயின்ற நால்வருக்கும் தரப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பைக் கலாம் ஏற்றார். உந்துதல், கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்றவர்கள் ஏற்றனர். பணியைப் பார்வையிட்ட பேராசிரியர் சீனிவாசன் அதில் நிறைவு கொள்ளவில்லை. கலாம் ஒரு மாத அவகாசம் கேட்டார். மூன்று நாள்களே கிடைத்தன. முடிக்காவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றும் கூறப்பட்டது. உணவையும் உறக்கத்தையும் ஒதுக்கி வரைபடத்தை முடித்த கலாம், பின்னர் அதே ஆசிரியரின் பாராட்டைப் பெற்றார்.

இந்நிகழ்வு பெரும்பாலும் விடாமுயற்சிக்குச் சான்றாகக் கூறப்படும். அதில் மற்றொரு பாடமும் உண்டு. காற்றியக்க வடிவம் முடிவாகாமல் கட்டமைப்பை வகுக்க இயலாது. எடை தெரியாமல் பொறியைத் தேர்ந்தெடுக்க இயலாது. ஒருவர் தாமதித்தால் ஐவரும் தாமதிப்பர். ஓராள் வானூர்தியில் பறப்பவர் ஒருவரே ஆயினும், அவரைத் தாங்குவது பலருடைய அறிவு.

மண்மூட்டை சொல்லும் தீர்ப்பு

தாளில் சரியான கணக்கு, கையில் சரியான பொருளாகிவிடும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு திருகாணியின் துளை சற்றே பெரிதாக இருக்கலாம். ஒரு குழாயில் கீறல் இருக்கலாம். ஆகவே இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தி, அதன்மீது மண்மூட்டைகளை அடுக்கிச் சோதிப்பர். பறக்கும்போது காற்று மேல்நோக்கி வளைக்கும் இறக்கையை, தலைகீழ் நிலையில் மூட்டைகளின் எடை அதே திசையில் வளைக்கும். அடியில் மிகுதியாகவும் நுனியில் குறைவாகவும், காற்றின் சுமை பரவும் வகையிலேயே மூட்டைகள் வைக்கப்படும். ஏறத்தாழ 800 கிலோ சுமையை ஏற்றி இறக்கிய பின்னும் இறக்கை பழைய வடிவுக்குத் திரும்பினால்தான் அடுத்த கட்டத்திற்குச் செல்லலாம். பின்னர்த் தரையில் ஓட்டம், சில அடி உயரத்தில் தாவல், அதன்பிறகே முழுப் பறத்தல்.

ஆர்வமுள்ள இளைஞர்கள், கிடைத்த குழாய்களையும் பழைய மோட்டார் சைக்கிள் பொறிகளையும் கொண்டு வானூர்தி கட்ட முனைவதுண்டு. அந்த ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும் தரையில் ஓடும் வண்டி பழுதானால் ஓரமாக நிறுத்தலாம். வானத்தில் ஓரம் இல்லை. தரையில் முறியும் இறக்கை ஆசிரியராகும். வானில் முறியும் இறக்கைக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. எடையைக் குறைப்பது வடிவமைப்பாளரின் திறமை. எதனைக் குறைக்கக் கூடாது என்று அறிவது அவருடைய அறம். சோதனையும் அனுமதியும் பறப்பதற்குத் தடைகளல்ல. பறந்தவர் வீடு திரும்புவதற்கான வழிகள்.

சொல்லும் பொருளும்

ஏற்றவிசை – இறக்கையின்மீது பாயும் காற்றால் தோன்றி மேல்நோக்கித் தாங்கும் விசை
ஏற்றமிழப்பு – காற்றோட்டம் பிரிவதால் இறக்கை தாங்கும் திறனை இழத்தல்
மிதவை வானூர்தி – பொறியின்றிக் காற்றில் மிதந்து செல்லும் வானூர்தி
ஈர்ப்பு மையம் – எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி

மதிப்பீடு

குறுவினா
1. தென்னை மட்டையின் அமைப்பு இறக்கையின் முதன்மைச் சட்டத்தோடு எவ்வாறு ஒத்துள்ளது?
2. ‘எடை எடையை வளர்க்கும்’ – விளக்குக.

சிறுவினா
1. சாய்ந்து திரும்பும்போது ஏற்றமிழப்பு விரைவு கூடுவதால் விளையும் இடரைக் கூறுக.
2. மக்கிரெடி கையாண்ட வடிவமைப்பு முறையை எழுதுக.

நெடுவினா
எதனைக் குறைக்கக் கூடாது என்று அறிவதே வடிவமைப்பாளரின் அறம் என்னும் கருத்தைப் பாடத்தின் துணைகொண்டு நிறுவுக.

கற்பவை கற்றபின்
வானோடியின் எடை 90 கிலோ எனக் கொண்டு, இறக்கைப் பரப்பு எவ்வளவு தேவை எனக் கணக்கிட்டு வகுப்பறையில் விளக்குக.